நான் அழித்த ஒரு வரி

எந்தக் கோளாறைக் கொண்டுபோய் நிறுத்தினாலும், "அதெல்லாம் இருக்கட்டும், லாக் எங்கே?" என்று கேட்பவரே! கணினி தன் நடப்பைத் தானே எழுதிவைக்கும் அந்தக் குறிப்பைப் படிக்காமல் ஒரு சொல்லும் உதிர்க்காதவரே! எங்களால் அன்போடும் கொஞ்சம் அச்சத்தோடும் 'லாக் அக்கா' என்று அழைக்கப்படுகிற அவைத் தலைவரே! மேடையில் வீற்றிருக்கும் மூத்தோரே! முன்வரிசையில் முகம் மலர அமர்ந்திருக்கும் தாய்மார்களே! லினக்ஸ் கூட்டம், லினக்ஸ் கூட்டம் என்று பிள்ளைகள் ஓடுகிறார்களே, அங்கே என்னதான் நடக்கிறது என்று வேவு பார்க்க வந்திருக்கும் தந்தையரே! கடைசி வரிசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்ப்பதுபோல் பாவனை செய்யும் தோழர்களே! எல்லாவற்றுக்கும் மேலாக, இன்றுமுதல் நம் உதவிக் குழுவில் விடை சொல்லும் உரிமை பெறுகிற முப்பது புதியவர்களே! உங்கள் அனைவருக்கும் என் நெஞ்சம் நிறைந்த வணக்கம்.

பின்னால் கேட்கவில்லையாம். ஒலிபெருக்கிக்காரரே, கொஞ்சம் கூட்டுங்கள். இன்று நான் சொல்லப்போவது கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும்.

சற்றுமுன் என்னை அறிமுகம் செய்த நண்பர், "பிழையே செய்யாதவர், பிரச்சினை எதுவானாலும் ஒரே வரியில் தீர்ப்பவர், நம் ஒருவரி அண்ணன்" என்றார். கை தட்டினீர்கள். அந்தக் கைதட்டல் என் காதில் தேனாகப் பாய்ந்திருக்க வேண்டும். நெருப்பாகப் பாய்ந்தது. நான் இங்கே வாக்குமூலம் கொடுக்க வந்திருக்கிறேன்.

தாய்மார்களே, விண்டோசுக்குப் பதிலாக லினக்ஸ் ஓடும் நம் கணினிகளின் கதை உங்களுக்குத் தெரியும். வைஃபை வராது. பிரிண்டர் வாய் திறக்காது. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், கடைக்காரர் திரையைப் பார்ப்பார், நம்மைப் பார்ப்பார், "இது என்னங்க சிஸ்டம்?" என்பார். பிறகு நமக்குப் போக்கிடம் ஏது? எனக்கு நீங்கள், உங்களுக்கு நான்! பல் மருத்துவரின் ஸ்பீக்கரை லாரி ஓட்டுநர் சரிசெய்கிறார். லாரி ஓட்டுநரின் மின்னஞ்சலை ஆசிரியை மீட்டுத் தருகிறார். முகம் தெரியாது, ஊர் தெரியாது, ஆனால் முட்டுக்கட்டை விழுந்தால் முந்திக்கொண்டு ஓடிவருகிற கூட்டம் இது. பெருமைதான். ஆனால் அந்தப் பெருமை தலைக்கேறினால் என்ன ஆகும் தெரியுமா? சொல்கிறேன்.

கடந்த ஆண்டு, ஒரு வியாழக்கிழமை, காலை எட்டு நாற்பது.

நம் குழுவில் மருந்துக்கடை வைத்திருக்கும் சகோதரி ஒருவர் உண்டு. அவர் கணவர் கடைசல் பட்டறைக்காரர். முப்பது ஆண்டுகள் இயந்திர இரைச்சலை மீறிப் பேசிய தொண்டை அவருக்கு. அந்தத் தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையையே எடுத்தாக வேண்டும் என்றார் மருத்துவர். எடுத்தால் உயிர் தங்கும், குரல் தங்காது.

கணவனும் மனைவியும் என்ன செய்தார்கள்? ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினார்கள். இனி வாழ்நாள் முழுக்க அவர் சொல்ல விரும்புகிற வாக்கியங்களை எண் போட்டு எழுதினார்கள். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு. ஒவ்வொன்றையும் அவரே பேசி மடிக்கணினியில் பதிவுசெய்தார். அறுவை முடிந்தபின் ஒரு பொத்தானை அழுத்தினால் அந்தக் குரல் பேசும். அதற்கான செயலியை அமைத்துக் கொடுத்தது நம் குழுதான்.

அந்த நோட்டில் தத்துவமா இருந்தது? "சாவி என் சட்டைப் பையில இருக்கு." "ஏய் குட்டி, செருப்ப மாத்திப் போட்டிருக்க." "நீ சொல்றதுதான் சரி, ஆனா நான் ஒத்துக்க மாட்டேன்." சிரிக்கிறீர்கள். அந்த ஒரு வாக்கியம் இல்லாவிட்டால் நம் வீடுகளில் எத்தனை வீடு ஓடும்?

அன்று பகல் பன்னிரண்டு மணிக்கு அறுவை. சகோதரி மருத்துவமனையில், கணவரின் கட்டிலருகே இருந்தார். மடிக்கணினியில் இடம் போதவில்லை என்று பதிவுகள் அத்தனையையும் முந்தின நாள் ஒரு வெளி வட்டுக்கு மாற்றியிருந்தார். பிரதி எடுக்கவில்லை, நகர்த்தியே விட்டார். அக்கா நெற்றியில் கை வைப்பது எனக்குத் தெரிகிறது. உறவினர் கொடுத்த சின்னக் கணினி ஒன்றில் லினக்ஸ் ஏற்றினால் கணவர் அதை மடியிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று, குழுவில் கேட்டார்: "அண்ணா, பென்டிரைவ்ல இன்ஸ்டால் ஃபைலை எழுதுறது எப்படி?"

நான் காலைத் தேநீர்க் கோப்பையோடு இருந்தேன். வேறு யாரும் பதில் சொல்வதற்குள் நான் சொல்ல வேண்டும். அதுதானே என் பெருமை? ஒரு வரிக் கட்டளை எழுதினேன். அனுப்பினேன். கோப்பையில் ஆவி அடங்கவில்லை, என் வேலை முடிந்துவிட்டது!

கணினி தன்னோடு இணைகிற வட்டுகளுக்கு வரிசையாக ஓர் எழுத்து கொடுக்கும். முதலில் வந்தது ஏ, அடுத்தது பி, அதற்கடுத்தது சி. என் மேசையில் பென்டிரைவ் எப்போதும் பி. அதனால் கட்டளையில் பி என்று எழுதினேன்; பி-யில் இருப்பதை அழித்து அதன் மேலேயே எழுதிவிடும் கட்டளை அது. அவர் கட்டிலருகே பி எது? குரல்! அந்த மனிதரின் நானூற்றுப் பன்னிரண்டு வாக்கியங்களும் இருந்த வட்டு! "உங்க திரையில என்னம்மா தெரியுது?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் தீர்ந்தது. கேட்டேனா? கேட்கவில்லை.

எட்டு ஐம்பத்தெட்டுக்கு அவர் எழுதினார்: "அண்ணா, முடிஞ்சுதுன்னு வருது. ஆனா பென்டிரைவ் காலியாவே இருக்கு. அவர் குரல் இருந்த டிஸ்க் திறக்க மாட்டேங்குது."

யானைக்கும் அடி சறுக்கும் என்று பிறகு என்னைப் பலர் தேற்றினார்கள். சரிதான், சறுக்கியது யானை. நசுங்கியது யார்?

முப்பது பேரும் இப்போது செவி கொடுங்கள். அந்த நொடியில் நான் என்ன செய்தேன்? உதவிக்கு ஓடினேனா? இல்லை. மன்னிப்புக் கேட்டேனா? இல்லை. நான் எழுதிய வரியைத் தேடிப்பிடித்து, விரலை வைத்து, அழித்தேன். ஆம், அழித்தேன்! யாரும் பார்க்குமுன் அழித்துவிட்டால், அது நடக்காதது ஆகிவிடும் என்று நினைத்த கோழை, இதோ உங்கள் முன்னால் சலவைச் சட்டை போட்டு நிற்கிறான்.

உடனே லாக் அக்கா வந்தார். "தங்கச்சி, அந்த வட்டுல கை வைக்காதீங்க. எதையும் எழுதாதீங்க. நீங்க அடிச்ச கட்டளை எது? அதப் பார்த்தாத்தான் எந்த ஃபைலை, எங்க, எவ்வளவு தூரம் எழுதிச்சுன்னு எனக்குத் தெரியும்."

சகோதரி பதற்றத்தில், கட்டளை அடித்த கருப்புச் சாளரத்தை மூடிவிட்டிருந்தார். "அண்ணா போட்டதைத்தான் அப்படியே ஒட்டினேன் அக்கா. இப்ப அதைக் காணோம்."

"காணோமா? யாரு அழிச்சது?"

குழுவில் அறுநூறு பேர். ஒருவரும் பேசவில்லை. நானும் பேசவில்லை. ஒரு நிமிடம் போயிற்று. இரண்டு நிமிடம். அங்கே ஒரு மனிதன் கட்டிலில் கிடக்கிறான், மூன்று மணி நேரத்தில் அவன் தொண்டையைத் திறக்கப் போகிறார்கள், நான் என் பெயரைக் காப்பாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மூன்று நிமிடம். நான்கு நிமிடம்! அதற்குப் பிறகுதான் எழுதினேன்: "நான்தான் அக்கா அழிச்சேன். இதுதான் அந்த வரி."

அக்கா திட்டவில்லை. "சரி. இப்ப வேலையப் பாரு" என்றார். அதைவிட ஓர் அறை வாங்கியிருக்கலாம்.

வட்டின் தொடக்கப் பகுதி போயே போய்விட்டது. அதற்கப்பால் இருந்த பதிவுகளை மீட்கும் வேலையை, தொலைபேசியில் அக்கா ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொல்ல, சகோதரி தட்டினார். தட்டுமுன் ஒவ்வொரு முறையும் அக்கா, "என்ன தெரியுது, படிங்க" என்றார். படித்தபின்தான், "இப்ப எண்டர்." பத்தே முக்காலுக்கு முந்நூற்று எழுபத்தொரு பதிவுகள் திரும்பி வந்தன.

கை தட்டாதீர்கள். பொறுங்கள். வந்தவை பெயரில்லாமல் வந்தன. எது எந்த வாக்கியம் என்று எண் இல்லை. நாற்பத்தொன்று போய்விட்டன, ஆனால் எந்த நாற்பத்தொன்று? அது தெரிந்தால்தானே அவர் மறுபடி பேசலாம்? எல்லாவற்றையும் மறுபடி பேசவைக்க நேரமுமில்லை, அந்தத் தொண்டையில் தெம்புமில்லை.

அப்போது எழுந்தது இந்தக் கூட்டம்! நோட்டின் பக்கங்களைச் சகோதரி படமெடுத்துப் போட்டார். ஆளுக்குப் பத்துப் பதிவு, மிஞ்சிய ஒன்று அக்காவுக்கு. முப்பத்தேழு பேர் கை தூக்கினார்கள். லாரி ஓட்டுநர் சாலையோரம் வண்டியை நிறுத்திக் கேட்டார். பல் மருத்துவர், "வாயைத் திறந்தே வையுங்க, இதோ வந்துட்டேன்" என்று நோயாளியிடம் சொல்லிவிட்டுக் காதில் மாட்டிக் கேட்டார். ஆசிரியை கழிவறையில் நின்று கேட்டார். எங்கெங்கோ இருந்த முப்பத்தேழு காதுகளில் ஒரே மனிதர், "சாவி என் சட்டைப் பையில இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டு, நோட்டில் தேடி, எண்ணைக் குறித்து அனுப்பினார்கள். எனக்கும் பத்து வந்தது. பதினொன்றேகாலுக்குக் காணாமல் போன நாற்பத்தொன்றின் பட்டியல் அந்தக் கட்டிலுக்குப் போய்ச் சேர்ந்தது.

அவர் எழுந்து உட்கார்ந்து பேசத் தொடங்கினார். ஒன்று சொல்வார், மூச்சு வாங்குவார், அடுத்ததைச் சொல்வார். பன்னிரண்டு வரை நேரம் இருக்கிறது, முடித்துவிடலாம் என்றிருந்தோம். பதினொன்றே முக்காலுக்கே செவிலியர் கதவைத் திறந்தார்.

"வாங்க, தியேட்டர் ரெடி."

"பன்னிரண்டுன்னு சொன்னீங்களே சிஸ்டர்!"

"முன்னாடி இருந்த கேஸ் சீக்கிரம் முடிஞ்சிடுச்சும்மா. ஒரு நிமிஷம் தர்றேன்."

நாற்பத்தொன்றில் முப்பத்தாறுதான் பேசியிருந்தார். ஐந்து மிச்சம். அந்த ஐந்தும் இன்றுவரை இல்லை. அவற்றில் ஒன்று, "மழை வருது, துணிய எடு." இப்போது மழை வந்தால் அவர் கை தட்டித்தான் மனைவியை அழைக்கிறார். நான்கு நிமிடம் வாய்மூடி உட்கார்ந்திருந்தேனே, அந்த நான்கு நிமிடத்தில் ஐந்து வாக்கியம் பேச முடியாதா? கணக்கை நீங்களே போடுங்கள். நான் தினமும் போடுகிறேன்.

ஆகவே முப்பது பேருக்கும் சொல்கிறேன். நீங்களும் தவறு செய்வீர்கள். செய்யாதவர் நம்மில் எவர்? கேட்காமல் சொல்வீர்கள், பார்க்காமல் அனுப்புவீர்கள். தவறான வரியை மீட்க இங்கே அறுநூறு பேர் இருக்கிறோம். மறைத்த வரியை யார் மீட்பது? அழிக்காதீர்கள்! அவமானம் வரட்டும், அழிக்காதீர்கள்! உங்கள் பெயர் போனால் போகிறது, அடுத்தவர் குரல் போகலாமா? "நான்தான் சொன்னேன், இதுதான் அந்த வரி" என்று முதல் நிமிடத்தில் சொல்பவர் எவரோ, அவரே இந்தக் குழுவில் விடை சொல்லத் தகுந்தவர்!

இன்னும் ஒன்று இருக்கிறது, சொல்லிவிட்டு அமர்கிறேன். மூன்று மாதம் நான் அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. ஒருநாள் சகோதரியிடமிருந்து செய்தி வந்தது. "பிரிண்டர் வேலை செய்யல. வந்து பார்க்க முடியுமா?" முன்பெல்லாம் அண்ணா என்று தொடங்குவார். அதில் அண்ணா இல்லை.

போனேன். கதவைத் திறந்தார். முகத்தில் சிரிப்பில்லை. உள்ளே கணவர் நாற்காலியில், கழுத்தில் துணி சுற்றி, மடியில் அந்தச் சின்னக் கணினியோடு உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எதையோ தேடினார். பட்டியலின் கடைசிக்குப் போனார். நானூற்றுப் பதின்மூன்று. நோட்டில் அப்படி ஓர் எண்ணே கிடையாது. பொத்தானை அழுத்தினார்.

கரகரத்த குரலில் வந்தது: "தம்பி, உன் மேல எனக்குக் கோவம் இல்ல."

சகோதரி சொன்னார்: "அஞ்சு பாக்கி இருக்கு, கதவுல சிஸ்டர் நிக்கிறாங்க. அடுத்தத படிங்கன்னு நான் நோட்ட நீட்டுறேன். இவரு நோட்ட மூடி வச்சுட்டு இதப் பேசுறாரு. ஏங்க இப்படின்னு கத்துறேன். 'அப்புறம் சொல்ல முடியாதே'ங்கறாரு. லாக் அக்கா போன்ல கேட்டுக்கிட்டுதான் இருந்தாங்க." ஏன் அக்கா தலைகுனிகிறீர்கள்? மூன்று மாதம் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே நீங்கள்!

"அது அவரோட மனசு," என்றார் சகோதரி. "என் கோவம் இன்னும் போகல. பிரிண்டர் உள் ரூம்ல இருக்கு."

அந்தக் கோபத்துக்கு நான் தகுதியானவன். அந்த மன்னிப்புக்குத் தகுதியானவன்தானா என்று எனக்குத் தெரியாது. ஒரு மனிதனுக்கு உலகத்தில் இன்னும் ஒரே ஒரு வாக்கியம் பேசத்தான் குரல் இருந்தது. அதைத் தன் வீட்டுக்கு வைத்துக்கொள்ளாமல் எனக்குக் கொடுத்துவிட்டுப் படுக்கையில் ஏறிப் போனார். அன்று நான் உள்ளே போய் மண்டியிட்டு, "அம்மா, திரையில என்ன தெரியுது?" என்று கேட்டேன்.

குற்றவாளியின் கதையைக் குறுக்கிடாமல் கேட்ட பெரியோரே, கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும் தாய்மாரே, மடிக்கணினியை எப்போதோ மூடிவிட்ட பின்வரிசைத் தோழரே, முப்பது புதியவரே, உங்கள் பொறுமைக்கு என் நன்றி. அன்று காது கொடுத்த அத்தனை பேருக்கும் என் நன்றி. வணக்கம்.