சொந்த போனில் விருந்தாளி

கம்பத்திலிருந்து தேனிக்கு வரும் பேருந்தில், பக்கத்து சீட்டுப் பெரியவர் போனைப் பார்த்தபடி சொன்னார்:

"என் போன்லயே நான் விருந்தாளியாம், மாப்ள."

கையிலிருந்த புத்தகத்தை மூடினேன். நான் எழுதியதுதான், தயக்கமே வரவில்லை.

மாப்பிள்ளை, அதாவது அவர் மனைவியின் தம்பி, எட்டிப் பார்த்தார். "கெஸ்ட்டுன்னு போட்டுருக்கு. நெட்வொர்க் செட்டிங்க ஓனர்தான் மாத்தணுமாம். யாரு மச்சான் ஓனரு?"

"ஒங்க அக்காதான். அந்தா, லேடீஸ் சீட்ல இருக்கா."

"எதுக்கு நெட்ட அமத்திப் பூட்டுனாக?"

"மலைமேல ஏலக்காத் தோட்டத்துக்குப் போனப்ப கேரளா டவரத் தேடிப் புடிச்சுப் போட்டேன். கீழ எறங்குனதும் மாத்த மறந்துட்டேன். ரெண்டு நாளா ஒரு போனும் வரல. துபாய்ல மக பேரனப் பெத்தது ஊருக்கே தெரியும், எனக்குத்தான் கடைசி. அந்தக் கோவத்துல, இனிமே எதுலயும் கை வைக்கக் கூடாதுன்னு பூட்டிட்டா."

"போட்டோ அனுப்பிருச்சே, பாக்கலையா?"

"நெட் இருந்தாத்தான பாக்க?"

"அக்காட்டக் கேளுங்க."

"நாங்க பேசி மூணு நாளாச்சு."

மாப்பிள்ளை முன்னால் போய்விட்டு வந்தார். "நேர்ல வந்து கேட்டாத்தான் தெறப்பாகளாம். அப்புறம், பேரனுக்கு மூக்கு ஒங்க மூக்குதானாம்."

பெரியவர் தன் மூக்கை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார். கம்பியைப் பிடித்து எழுந்து முன்னால் போனார்.

சின்னமனூரில் சீட்டுகள் காலியாயின. அவர் வரவில்லை. தேனி வரைக்கும் மனைவியின் சீட்டருகே குனிந்து நின்று, மனைவியின் போனிலேயே பேரனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருடைய போன் என் பக்கத்தில் பூட்டியபடியே கிடந்தது.