ஸ்ட்ரெச்சரின் முன்பிடி: கிளாரன்ஸ் ஹாட்ரிக்குக்கு அஞ்சலி

மேடையில் அமர்ந்திருக்கும் படைவீரர் சங்கத் தலைவர் ஆல்டன் பிரே அவர்களே, இன்று காலை கல்லறையில் நம்மோடு நின்று ஜெபித்த பாதிரியார் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் கிளாரன்ஸின் துணைவியார் மெரில் அம்மையாரே, அவர் மகள் லின்னெட்டே, விதைப்பை நிறுத்தி, டிராக்டரை வேலியோரம் விட்டுவிட்டு ஓடி வந்திருக்கும் பின்யாலா ஊர்ப் பெருமக்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

வெளியூரிலிருந்து வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். என் பெயர் பெர்ஸ் நான்கிவெல். போர்க்களத்தில் ஒரு ஸ்ட்ரெச்சரை இரண்டு பேர் தூக்குவோம். முன்பிடி கிளாரியுடையது. பின்பிடி என்னுடையது. ஆகவே கிளாரன்ஸ் ஹாட்ரிக் என்ற மனிதரின் முகத்தைவிட முதுகை நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அந்த முதுகைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

யார் இந்தக் கிளாரி? பெரிய பதவி வகித்தவரா? இல்லை. போரில் பதக்கம் வாங்கிப் பத்திரிகையில் படம் வந்தவரா? அதுவும் இல்லை. சிப்பாயாகப் போனார், சிப்பாயாகவே திரும்பினார். இடையில் ஒருமுறை கார்ப்பரல் பட்டை கொடுத்தார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அப்படியிருந்தும் இந்த மண்டபத்தில் நிற்க இடமில்லை. வாசலுக்கு வெளியே வெயிலில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஏன்? அதைச் சொல்ல வேண்டுமானால் அவருடைய தகப்பனாரிலிருந்து தொடங்க வேண்டும்.

ஹாட்ரிக் குடும்பம் கடல் கடந்து கார்ன்வாலிலிருந்து, அடிலெய்டுக்கு வடமேற்கே உள்ள மூன்டா செம்புச் சுரங்கத்துக்கு வந்த குடும்பம். சுரங்கத்தில் செம்பு வற்றத் தொடங்கியதும் பாட்டனார் இந்தப் பக்கம் வந்து புதர் வெட்டி நிலம் திருத்தினார். தகப்பனார் ஈவார்ட் முதல் உலகப் போருக்குப் போனார். பிரான்சில் அவரும் ஸ்ட்ரெச்சர் தூக்கியவர்தான். திரும்பி வந்தவருக்கு அரசாங்கம் நிலம் கொடுத்தது. நிலம் என்று காகிதத்தில் இருந்தது. போய்ப் பார்த்தால் மணல். காற்றடித்தால் விதைத்த கோதுமை அடுத்தவன் வேலியில் போய்க் குவியும். அந்த மணலில்தான் ஈவார்டும் ஆடா அம்மையாரும் இரண்டு பிள்ளைகளை வளர்த்தார்கள். மூத்தவர் கிளாரி. இளையவன் லூயிஸ். நாங்கள் எல்லோரும் லியூ என்று கூப்பிடுவோம். இந்த ஊரில் லியூ ஹாட்ரிக் சிரிக்க வைக்காத ஆள் கிடையாது. தேவாலயத்தில் பிரசங்கத்தின் நடுவே எங்களைச் சிரிக்க வைத்து அடி வாங்கித் தருவான்.

இரண்டாவது போர் வந்தது. ஈவார்ட் பிள்ளைகளைத் தடுக்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"போறதுன்னா போங்க. ரெண்டு பேரும் ஒரே கம்பெனில மட்டும் சேராதீங்கடா."

லியூ கேட்கிறவனா? அதிகாரியிடம் என்ன பேசினானோ, ஒரு மாதத்தில் எங்கள் படைப்பிரிவில், அதே கம்பெனியில், வந்து நின்றான். ரயிலடியில் வழியனுப்ப வந்த ஆடா அம்மையார் மூத்தவரின் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டார்.

"கிளாரி, அவன் துடுக்குக்காரன். நீதான் பெரியவன். அவன உன் கண்ணுலயே வச்சுக்கோ."

"சரிம்மா."

"அம்மா, இவனா என்னப் பாத்துக்கப் போறான்? இவன் சாக்ஸையே நான்தான் தேடிக் குடுக்கணும்" என்றான் லியூ. அந்த அம்மையார் அழுதுகொண்டே சிரித்தார். ரயில் புறப்பட்டது.

நண்பர்களே, போருக்கு எங்களை அனுப்பிய பப்புவாத் தீவின் வடகரையைப் பற்றி அங்கே போகாதவர்களுக்கு நான் என்ன சொல்ல? சதுப்பு நிலம். முழங்கால் வரை கருப்புத் தண்ணீர். ஆளுயரப் புல். எதிரி எங்கே இருக்கிறான் என்று துப்பாக்கி வெடித்த பிறகுதான் தெரியும். சுட்டவர்கள் மற்றவர்கள். நாங்கள் சுடவில்லை. விழுந்தவர்களைத் தூக்கினோம். எங்களுக்கு ஒரே ஒரு விதி கற்றுக்கொடுத்திருந்தார்கள். இரண்டு பேர் விழுந்து கிடந்தால், பிழைக்கக்கூடியவனைத் தூக்கு. கேட்பதற்கு நியாயமான விதி. கையில் ஸ்ட்ரெச்சரோடு நிற்கும்போதுதான் அதன் பாரம் தெரியும்.

கிறிஸ்துமஸுக்குச் சில நாட்கள் முன்பு, ஒரு முற்பகலில், எங்கள் கம்பெனி புல்வெளியைத் தாண்டி முன்னேறியது. நாங்கள் பின்னால் போனோம். புல்லுக்கு நடுவே இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தார்கள். ஒருவன் வின்ஸ் கார்மடி, குவின்ஸ்லாந்தில் கரும்பு வெட்டியவன். தொடையில் குண்டு. ரத்தம் கொட்டிக்கொண்டிருந்தது, வலியில் அலறிக்கொண்டிருந்தான். மற்றவன் லியூ.

கிளாரி முழங்காலில் உட்கார்ந்தார். தம்பியின் சட்டையைத் தூக்கி வயிற்றைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பார்த்ததை நான் இங்கே சொல்லமாட்டேன், மெரில். சட்டையை மெல்ல இறக்கி மூடினார்.

"என்னடா பாக்குற?" என்றான் லியூ. "அவனத் தூக்கு."

"வாய மூடு. உன்னத்தான் தூக்கப் போறேன்."

"கிளாரி, எனக்குத் தெரியும்டா. உனக்கும் தெரியும்." பிறகு வின்ஸ் பக்கம் தலையைத் திருப்பினான். "டேய் கரும்பு, உன் கத்தல் தாங்கலடா. பன்னி வெட்டுற மாதிரி இருக்கு. இவனக் கொண்டு போய்த் தொலைங்கடா, நான் கொஞ்சம் நிம்மதியா படுக்கறேன்."

கிளாரி தன் தண்ணீர்க் குடுவையைத் தம்பியின் கையில் வைத்தார். ஒரு சிகரெட்டைப் பற்ற வைத்து உதட்டில் பொருத்தினார். நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டார். பிறகு எழுந்து முன்பிடிக்குப் போய் நின்றார்.

"தூக்கு, பெர்ஸ்."

தூக்கினோம். நடந்தோம். அந்தச் சேற்றில், அந்தச் சூட்டில், அந்தத் தூரம் முழுக்க அந்த முதுகு ஒருமுறையாவது திரும்பியதா? திரும்பவில்லை. திரும்பியிருந்தால் அவரால் நடந்திருக்க முடியாது என்று எனக்குத் தெரியும். வின்ஸை முதலுதவிக் கூடாரத்தில் இறக்கினோம். அங்கிருந்து விமானத் திடல் வரை அவனைச் சுமந்தவர்கள் அந்த நாட்டுக் கிராமத்து மனிதர்கள். தாயைச் சுமப்பதுபோல் சுமந்தார்கள். அவர்களைப் பற்றிப் பேசாமல் எங்களைப் பற்றி மட்டும் பேசக்கூடாது என்று கிளாரி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். ஆகவே சொல்லிவிட்டேன்.

கூடாரத்திலிருந்து கிளாரி ஓடினார். நான் பின்னால் ஓடினேன். லியூவின் உடம்பில் இன்னும் சூடு இருந்தது. உயிர் இல்லை. கிளாரி அவன் கண்களை மூடினார். குடுவையை எடுத்து இடுப்பில் மாட்டிக்கொண்டார். என்னைப் பார்த்து, "அடுத்த ஆளு எங்க?" என்று கேட்டார். அன்று மாலை வரை நாங்கள் சுமந்துகொண்டேயிருந்தோம்.

போர் முடிந்து ஊர் திரும்பினோம். ரயிலில் வரும்போது நான் அவரிடம் கெஞ்சினேன்.

"அம்மாகிட்ட உள்ளத சொல்லாதடா. போய்ப் பாக்கறதுக்குள்ள உயிர் போயிடுச்சுன்னு சொல்லு. எவனும் வந்து கேக்கப் போறதில்ல."

"அம்மாகிட்டப் போய் பொய் சொல்லச் சொல்றியா?" என்றார்.

சமையலறையில் வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ஆடா அம்மையார் ரொட்டி வெட்டிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தார்.

"உன் தம்பிய அங்க போட்டுட்டு எவனையோ தூக்கிட்டுப் போனியா?"

அதுதான் அவர் கிளாரியிடம் பேசிய கடைசி வார்த்தை, பல ஆண்டுகளுக்கு. ஒரே வீடு, ஒரே மேசை. "உப்பு வேணுமான்னு அவனக் கேளு" என்று மெரிலிடம் சொல்வார். மெரில் புதுமணப்பெண். அந்த மேசையில் அவர் உட்கார்ந்திருந்த பொறுமையை நான் இங்கே வணங்குகிறேன்.

தகப்பனார் ஈவார்ட்? அன்றே தொப்பியை எடுத்துக்கொண்டு மகனைக் கொட்டகைக்கு அழைத்துப் போனார்.

"வயித்தப் பாத்தியா?"

"பாத்தேன்பா."

"அப்ப சரி." தோளில் கை வைத்தார். "பிரான்சுல எனக்கும் ஒரு தடவ..." என்று தொடங்கினார். முடிக்கவில்லை. அடுத்த குளிர்காலத்தில் இறந்துபோனார். கல்லறையில் தாய் ஒரு பக்கமும் மகன் எதிர்ப்பக்கமும் நின்றார்கள்.

பிறகு ஒரு நாள் வின்ஸ் கார்மடி வந்தான். குவின்ஸ்லாந்திலிருந்து ரயில் மாறி மாறி, ஒரு காலை இழுத்துக்கொண்டு வந்தான். நான்தான் அவனை ரயிலடியிலிருந்து அந்த வீட்டுக்குக் கூட்டிப் போனேன். கிளாரி வயலில் இருந்தார். ஆடா அம்மையார் கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். வின்ஸ் தொப்பியைக் கழற்றிப் பெயரைச் சொன்னான். அந்த அம்மையார் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"நீதானா" என்றார். "சாப்பிட்டியா?"

ஆட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்தார். அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருந்தார். நான் வாசற்படியில் நின்றேன்.

"ஒண்ணு கேக்கறேன். என் புள்ள கத்தினானா?"

"இல்லம்மா. நான்தான் கத்தினேன்."

"அவன் என்ன பண்ணினான்?"

"என்னத் திட்டினாரும்மா."

"என்னன்னு?"

"வேணாம்மா."

"சொல்லுடா."

வின்ஸ் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். பன்னி வெட்டுற மாதிரி இருக்குன்னாரு. கொண்டு போய்த் தொலைங்கடா, நான் நிம்மதியா படுக்கறேன்னாரு. தூக்கச் சொன்னதே அவர்தாம்மா.

கிளாரியும் அதைச் சொல்லியிருந்தார். அப்போது அந்தத் தாயின் காதில் அது ஏறவில்லை. இப்போது ஏறியது. ஆடா அம்மையார் சிரித்தார். ஆமாம், சிரித்தார். லியூ பேசினால் இந்த ஊரே சிரிக்குமே, அந்தச் சிரிப்பு. அது எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. வின்ஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

பிறகு எழுந்து முகம் கழுவினார். தேநீர் போட்டுத் தூக்குப்பாத்திரத்தில் ஊற்றி எடுத்துக்கொண்டு, தனியாக, அந்த மணலில் வயலை நோக்கி நடந்தார். தூரத்தில் டிராக்டர் நின்றது. இரண்டு உருவங்கள் அதன் பக்கத்தில் நின்றன. அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்தது.

"அம்மா என்னடா சொன்னாங்க?" என்று மறுநாள் கேட்டேன்.

"டீ ஆறிப்போச்சுன்னு சொன்னாங்க" என்றார் கிளாரி.

அதன் பிறகு தாயும் மகனும் பேசிக்கொண்டார்கள். மன்னிப்பு என்ற வார்த்தை அந்த வீட்டில் எழவில்லை. ஆடா அம்மையாரின் கடைசி ஆண்டுகளில் அவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தூக்கி வைத்தவர் கிளாரிதான். வேறு யார் தூக்கினாலும் அந்த அம்மையாருக்குப் பிடிக்காது.

போர் முடிந்தால் சுமப்பது முடிந்துவிடுமா? நம் ஊரில் ஒரு பெண் பிரசவ வலியோடு லாரியில் போகும்போது வழியிலேயே இறந்தாள். அந்த வாரமே கிளாரி வீடு வீடாக ஏறி இறங்கினார். பழைய ஆம்புலன்ஸ் ஒன்று வாங்கினோம். அதை முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓட்டினார், சம்பளமில்லாமல். ஊர் நடனக் கொண்டாட்டத்தின் நடுவே எழுந்து போனார். அறுவடையை விட்டுப் போனார். சொந்த மகளின் கல்யாண விருந்திலிருந்து எழுந்து போனார். லின்னெட் தலையாட்டுகிறாள் பாருங்கள்.

தானியக் கிடங்குக்குப் பக்கத்து ரயில்வே கேட்டில் நடந்த விபத்து உங்களுக்கு நினைவிருக்கும். போனவர்கள் நானும் அவரும். நொறுங்கிய காருக்குள்ளே இரண்டு பேர், இருவருக்கும் பலத்த அடி. எங்கள் வண்டியிலோ ஒரே படுக்கை.

"ஒருத்தருக்குத்தான் இடம், கிளாரி" என்றேன்.

"இடம் பண்ணு" என்றார்.

"எங்க பண்ணுறது?"

"பெர்ஸ், இடம் பண்ணுன்னு சொன்னேன்."

ஆக்சிஜன் பெட்டியை என் மடியில் வைத்துக்கொண்டேன். இருக்கையைக் கழற்றிச் சாலையோரம் வீசினோம். ஒருவரைப் படுக்கையிலும் ஒருவரைத் தரையிலும் கிடத்திக் கொண்டு போனோம். இருவரும் பிழைத்தார்கள். ஒருவர் அடிலெய்டில் இருக்கிறார். இன்னொருவர் நோரீன் ஸ்க்லைன், அதோ, இரண்டாம் வரிசையில். அன்று மருத்துவமனைச் சுவருக்குப் பின்னால் கிளாரியைத் தேடிக் கண்டுபிடித்தேன். என் பக்கம் முதுகைக் காட்டி நின்றார். அந்த முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது. பப்புவாவில் அழாத மனிதர் அங்கே அழுதார். நான் கிட்டே போகவில்லை. முடிக்கட்டும் என்று காத்திருந்தேன்.

போன வியாழக்கிழமை அவருக்கு நெஞ்சுவலி வந்தது. நம் வண்டிதான் போனது. ஓட்டியவர் வியாழக்கிழமை முறைக்காரரான கோரல் பாஸ்கோ. "வளைவுல மெதுவாப் போம்மா, அங்க மணல் ஏறியிருக்கும்" என்று படுத்துக்கொண்டே சொன்னாராம். மருத்துவமனைக்குச் சற்று முன்னால் உயிர் பிரிந்தது. கோரல், நீ வேகமாகப் போயிருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது. இதை நான் எல்லோர் முன்னிலையிலும் சொல்கிறேன்.

பெருமக்களே, அவருக்குச் சிலை வைக்கலாம் என்று உங்களில் சிலர் பேசுகிறீர்கள். வேண்டாம். நகரத்திலிருந்து ஒரு செய்தி வந்திருக்கிறது. ஓட்ட ஆளில்லாவிட்டால் நம் ஆம்புலன்ஸைப் பெரிய ஊருக்கு எடுத்துப் போய்விடுவார்களாம். சனிக்கிழமை முறை கிளாரியுடையது, அதற்கு இப்போது ஆள் இல்லை. எனக்குக் கண் மங்கிவிட்டது, என்னால் ஓட்ட முடியாது. ஆனால் தொலைபேசி பக்கத்தில் உட்கார்ந்திருக்க முடியும், உட்காருவேன். உங்களில் யார் ஓட்டுவீர்கள்? இப்போதே கேட்கிறேன். துக்கம் ஆறிய பிறகு கேட்டால் ஆளுக்கொரு வேலை வந்துவிடும்.

நோரீன் எழுந்து நிற்கிறார். நன்றி, நோரீன். அவருக்குப் பின்னால் பிரே சகோதரர்கள். வாசலில் ஒரு கை தெரிகிறது, யாரென்று தெரியவில்லை, உள்ளே வாருங்கள். லின்னெட், நீயுமா? உட்காரம்மா, இன்றைக்கு நீ... சரி. சரி, நில்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு வண்டி தானியக் கிடங்கு வாசலில் நிற்கும். சாவி என்னிடம் இருக்கிறது.