ஆறாத ஒரு டப்பா சோறு

நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலி உங்களுக்குக் கொஞ்சம் உயரம், இன்ஸ்பெக்டர் அம்மா. பாதம் தரையில் முழுதாகப் பதியவில்லை, பாருங்கள். வலப்பக்கம் அடியில் ஒரு கைப்பிடி இருக்கும். அதை இழுத்தால் மெல்ல இறங்கும். இப்போது உங்கள் தோளே தளர்ந்துவிட்டது. இதுதான் என் தொழில். மனிதர்களின் முதுகும் கண்ணும் காதும் நோகாமல் அறைகளை அமைத்துக்கொடுப்பது. இதற்குச் சம்பளமும் தருகிறார்களே என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வரும்.

என் பெயர் பிராங்கிளின். வீடு ராயபுரத்தில், மாதா கோயிலுக்குப் பின்தெரு. திருவொற்றியூரில் கடலைப் பார்த்து நிற்கிற அந்த மருத்துவமனையின் கண்காணிப்பு அறையை அமைத்தவன் நான். எல்லா நோயாளிகளின் துடிப்பும் மூச்சும் அந்த ஒரே அறையின் திரைகளில் ஓடும். யாருக்காவது அவை இறங்கினால் அவர் கட்டிலுக்குரிய கட்டம் சிவக்கும், மேசையில் உள்ள ஒலிபெருக்கி அலறும். அங்கே இருப்பவர் உடனே வார்டுக்குப் போன் செய்ய வேண்டும். பகலில் அங்கே இருப்பவள் ஜஸீமா.

அவளைத்தான் பக்கத்து அறையில் உட்கார வைத்திருக்கிறீர்கள். வேலை நேரத்தில் தூங்கிவிட்டாள் என்று எழுதியிருக்கிறீர்களாம். அவள் தூங்கவில்லை. அதைச் சொல்லத்தான் நானாகவே வந்தேன்.

முதல் தடவை நான் அந்த அறைக்குப் போனபோது ஒலிபெருக்கி அலறியது. ஜஸீமா திடுக்கிட்டதில் டீ மடியில் கொட்டிவிட்டது.

"ஒண்ணுமில்லண்ணே, ஒயரு கயண்டுக்கினு கீது. பேஷண்ட் பொரண்டு படுத்தா போதும், இது கத்த ஆரம்பிச்சிடும்" என்றாள். "இதுக்கு எங்க மாமியாரே தேவலாம். அது மூச்சு வுடவாவது நடுவுல நிறுத்தும்."

இருவரும் சிரித்தோம். மடியைத் துடைத்துக்கொண்டே, வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அந்த அறையில் ஒரு வேளைகூடச் சூடாகச் சாப்பிட்டதில்லை என்றாள். அன்று ஜெபத்தில் அவளுக்காகக் கேட்டேன். கேட்டதும் யோசனைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கொட்டின. எனக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

திரைகளைக் கண்மட்டத்துக்கு இறக்கினேன். காலுக்குச் சாய்வுப்பலகை வைத்தேன். கண்ணைக் குத்திய சிவப்பு விளக்கை அவள் முதுகுப்பக்கம் மாற்றினேன். வார்டில் நோயாளிகள் நிம்மதியாகத் தூங்கட்டும் என்று அங்கே அடிக்கும் மணிகளை நிறுத்தி, எல்லாச் சத்தத்தையும் இந்த ஓர் அறைக்கே கொண்டுவந்தேன். வண்ணாரப்பேட்டையில் மெஷின் துடைக்க விற்கிறார்களே பனியன் வேஸ்ட், அதில் ஒரு பை வாங்கிவந்து ஒலிபெருக்கிக்குள் அடைத்தேன். அலறல் போய்ப் புறா முனகுகிற மாதிரி ஆகிவிட்டது. கடைசியாக, ஜன்னல் பக்கம் விரிகிற ஒரு சாப்பாட்டுப் பலகை. அதில் உட்கார்ந்தால் திரைகள் தெரியாது. கடலும் துறைமுகத்துக் கிரேன்களும்தான் தெரியும்.

"இன்னாண்ணே, ஓட்டல் கணக்கா கட்டி வச்சிட்ட" என்று ஜஸீமா கேலி செய்தாள். எனக்கு அது விருது கிடைத்த மாதிரி.

பலகையை முதன்முதலாக விரித்த மத்தியானம் நானும் அங்கே இருந்தேன். அப்போது குப்பம்மா கதவைத் தட்டினார். வியாசர்பாடிக்காரர். அவர் மகன் தீனா துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறவன். ஆபரேஷன் முடிந்து வார்டில் தேறிக்கொண்டிருந்தான். அவர் கையில் ஆவி பறக்கிற டப்பா.

"எம்புள்ளைய நீதானம்மா பாத்துக்கினு கீற. நெத்திலிக் கொயம்பு. ஆறிப்போறதுக்குள்ள துன்னு."

"அய்ய, எதுக்கும்மா இதெல்லாம்?"

"சும்மா துன்னு கண்ணு. குச்சி மாரி கீற."

என் கண் நிறைந்துவிட்டது. உலகம் இப்படிப்பட்ட சின்ன அன்புகளில்தான் நிற்கிறது அம்மா. ஜஸீமா கடலைப் பார்த்து உட்கார்ந்து, பிஸ்மில்லா சொல்லி, முதல் கவளத்தை வாயில் வைத்தாள். புறா முனகியது.

திரும்பிப் பார்த்தேன். சிவந்திருந்தது தீனாவின் கட்டம். ஒயர் கழன்றால் கோடு சட்டென்று மறைந்துபோகும். இது படிப்படியாகத் தாழ்ந்துகொண்டிருந்தது. அந்த வித்தியாசம் எனக்குத் தெரியும். அது கண்ணுக்குப் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று அந்தக் கோட்டுக்கு நிறம் தேர்ந்தெடுத்தவனே நான்தான்.

ஜஸீமாவின் தோள் லேசாக அசைந்தது. அவளுக்கும் ஏதோ கேட்டிருக்க வேண்டும். நான் உள்ளங்கையை ஒலிபெருக்கியின் மேல் வைத்து அழுத்திக்கொண்டேன். அது கைக்குள் குஞ்சைப் போலத் துடித்தது. இன்னும் நாலு வாய்தானே, முடித்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். அப்புறம் அவள் டப்பாவின் அடித்தட்டைத் திறந்தாள். குப்பம்மா ரசமும் வைத்திருந்தார். ரசத்தை அவசரமாகச் சாப்பிட முடியுமா?

அவள் கை கழுவப் போனபோது என் கையை எடுத்தேன். அதற்குள் கோடு நேராகியிருந்தது. அதன் பிறகு அவள் போன் செய்ததும், ஆட்கள் ஓடியதும் உங்களுக்குத் தெரியும். ஆகவே தவறு ஜஸீமாவுடையது அல்ல. தெரிந்தே, முழு மனதோடு, என் கையால் செய்தேன். இதை அப்படியே எழுதிக்கொண்டு அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். இந்நேரம் அவளுக்குப் பசிக்கும். அவள் கேட்டால் மட்டும், சத்தமே வரவில்லை என்று சொல்லிவிடுங்கள். சாப்பிட்டது உடம்பில் ஒட்ட வேண்டாமா?

குப்பம்மா உங்கள் வராந்தாவில்தான் நிற்கிறார். உள்ளே வரும்போது அவரிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உங்கள் குழம்பு வீண் போகவில்லை, டப்பாவில் ஒரு பருக்கை மிச்சமில்லை என்றேன். அதைக் கேட்டால் அவர் மனம் கொஞ்சம் ஆறும் என்று பட்டது. அவர் என் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கால் கடுக்க நிற்கிறாரே என்று நானே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

அவர் உட்காரவில்லை. அதுவும் உயரம் சரியில்லை போலிருக்கிறது.