தரையைத் தடவும் கால்

கோவில்பதாகையிலிருந்து ஆவடிக்குப் போகும் ஷேர் ஆட்டோவில் எனக்கு எதிரே இரண்டு பெண்கள். இருவர் கழுத்திலும் ஒரே கம்பெனியின் அடையாள அட்டை. தூறல் விழுந்ததும் மூத்தவர் காலடியில் இருந்த சாப்பாட்டுப் பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

“நான்லாம் கட்டில உட்டு எறங்கறப்போ ஒத்தக் காலால தரையத் தடவிப் பாத்துட்டுதான் எறங்குவேன்” என்றார்.

“எதுக்குக்கா?”

“வெள்ளம் வந்தப்போ காத்தால தூக்கக் கலக்கத்துல கால வெச்சேன். முட்டி வரைக்கும் தண்ணி. அன்னிலேருந்து வெயில் காலத்துலகூட இப்டிதான்.”

“எங்கூட்லயும் சர்டிபிகேட்லாம் இன்னும் லாஃப்ட்லதான்க்கா கீது.”

“நம்ம செட்டு பரவால்லடி. பாத்தோம், பயப்படறோம். என் பொண்ணு வெள்ளத்துக்கு அப்புறம் பொறந்தவ. நேத்து காத்தால எனக்கு முன்னாடி முழிச்சிகினு, ஒத்தக் கால உட்டுத் தரையத் தடவறா.”

இளையவர் தன் பையையும் மடிக்கு எடுத்துக்கொண்டார்.

“‘இன்னிக்கு தண்ணி இல்லம்மா, எறங்கு’ன்றா.”

“நீ இன்னா பண்ண?”

“அவ எறங்கி நடக்கறதப் பாத்துட்டுதான் நானும் எறங்கனேன்.”