மாமியாரைக் கூப்பிடும் பிக்கப்

கூலிம் டவுன் வொர்க்‌ஷாப்பில் என் மோட்டார் சைக்கிளுக்கு டியூப் மாற்றக் காத்திருந்தேன். பக்கத்தில் ஒரு பிக்கப் என்ஜின் ஓடியபடி நின்றது. செம்பனைத் தோட்டத்து மண் ஒட்டிய பூட்ஸோடு அதன் சொந்தக்காரர் மெக்கானிக்கிடம் சொன்னார்:

"வண்டி ஸ்கிரீன் ரோசாக் லா, தம்பி, கெட்டுப்போச்சு. அதுவா என் மாமியாருக்குப் போன் அடிக்குது."

"நல்லதுதானே அண்ணே. நீங்க அடிக்க மாட்டீங்க, வண்டியாவது அடிக்குதே."

"விளையாடாத. நேத்து மட்டும் ஏழு தடவை. அந்தம்மா எடுத்தா வைக்குமா? முருங்கைக்கீரையில ஆரம்பிச்சு மூணாவது வீட்டுச் சண்டை வரைக்கும் போகும்."

மெக்கானிக் உள்ளே தலையை நீட்டினார். "ஸ்கிரீன் மூலையில என்ன, ஈரமா இருக்கு?"

"சந்தனப் பொட்டு. வண்டி பூஜையில மாமியார் வெச்சது. அதுலருந்து என் சம்சாரம் தினம் காலையில புதுசா வெக்கிறா."

"பொட்டுக்குக் கீழ என்ன பட்டன்?"

வண்டிக்காரர் குனிந்து பார்த்தார்.

"மாமியார் நம்பர்."

என் டியூப் மாற்றி முடிந்திருந்தது. நான் எழுந்து போவதாக இல்லை.

"ஸ்கிரீனுக்கு விரலும் ஈரச் சந்தனமும் ஒண்ணுதான் அண்ணே. சாமி பேரைச் சொல்லி நீங்கதான் கால் பண்ணிக்கிட்டு இருக்கீங்க."

"அப்ப துடைச்சித் தொலை லா! அந்த வாயிலருந்து தப்பிச்சாப் போதும்."

மெக்கானிக் துணியை எடுத்தார். வண்டி ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல் கேட்டது.

"துடைக்க வேணாம், மாப்பிள்ளை. இப்பதான் எனக்கு எல்லாம் தெரிய வருது."