மூன்றாவது கூடை ஏறுமுன் கிலாங் ஓடியது குறித்து

பெயர்: காஸிமின். தகப்பனார் பெயர்: மார்த்தோ, காலமாகிவிட்டார். வயது: எழுபத்தொன்று. தொழில்: சலாக் பழத் தோட்டம். முகவரி: வத்துலாவாங் மலையடிவாரம், தெற்குக் குடியிருப்பு, மூன்றாம் வட்டம், நடு ஜாவா.

நான் சொல்லச் சொல்ல எழுத்தர் எழுதுவதுதான் வழக்கம் என்று காவல் அதிகாரி சொன்னார். நானே எழுதித் தருகிறேன் என்று கேட்டுக்கொண்டேன், அவர் சம்மதித்து மேசையும் பேனாவும் தந்தார். சென்ற ஆண்டு எங்கள் ஊர் மாலை வகுப்பில்தான் எழுதப் படிக்கக் கற்றேன். இவ்வளவு நீளமாக எழுதுவது இதுவே முதல் தடவை. எழுதுவதில் எனக்குச் சந்தோஷம் உண்டு, அதை மறைக்கவில்லை. எழுதும் விஷயம் சந்தோஷமானது அல்ல. அடித்துத் திருத்திய இடங்களில் சிறிதாகக் கையெழுத்து வைத்திருக்கிறேன்.

மழைக்காலம் முடிந்ததும் நகரத்துப் பொறியியல் கல்லூரியிலிருந்து மூன்று மாணவர்கள் எங்கள் ஊருக்கு வந்தார்கள். எங்கள் தோட்டங்கள் பள்ளத்திலும் சாலை மேட்டிலும் இருப்பதால், பழக்கூடைகளை மேலே இழுக்க ஒரு வண்டி செய்து தருவது அவர்களுடைய படிப்பு வேலை. மூவரும் என் வீட்டில் தங்கினார்கள். பாஞ்ஜி மூத்தவர், குழுவுக்குத் தலைவர், தண்டவாளம் போட்டவரும் அவர்தான். வெனிங் என்ற பெண் பிரேக் செய்தார். கிலாங் இளையவன், எல்லோரையும் விட இரண்டு வகுப்புக் கீழே படித்தவன், கம்பிக் கயிறு சுற்றும் உருளையைச் செய்தான். ஆளுக்கொரு பாகமாகப் பிரித்துக்கொண்டு, வெனிங் என் வீட்டுத் திண்ணையோரக் கொட்டகையிலும் கிலாங் வெல்டிங் பட்டறையிலும் பாஞ்ஜி சரிவிலும் வேலை செய்தார்கள். மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்ப்பதைக் கடைசியில் வைத்துக்கொண்டார்கள்.

வெனிங் என்னிடம், "ஒரே சமயத்துல அதிகபட்சம் எத்தனை கூடை ஏத்துவீங்க தாத்தா?" என்று கேட்டார். மூன்று என்று சொன்னேன். அதன் பிறகு அவர் தன் பிரேக்கை, கிலாங் முதலில் செய்து கொடுத்த சிறிய உருளையோடு மாட்டி, அதில் மூன்று நிறைகூடைகளைத் தொங்கவிட்டார். காலையிலிருந்து பொழுது சாயும் வரை அவை ஒரு விரல்கூட இறங்கவில்லை. போதாதென்று என்னையும் பிடித்துத் தொங்கச் சொன்னார். தொங்கினேன். என் மகள் சுமினா பார்த்துச் சிரித்து, "அப்பா, பழுத்துட்டீங்க, பறிச்சிடப் போறாங்க" என்றாள். பிரேக் நழுவவில்லை. இதை நான் கண்ணால் கண்டேன்.

அதன் பிறகு, திறப்பு விழாவுக்கு முந்தின வியாழக்கிழமை மதியம், மண்வெட்டிக்குப் பூண் ஒட்டுவதற்காக வெல்டிங் பட்டறைக்குப் போனேன். என் முறை வரும் வரை மூலையில் உட்கார்ந்து ஒரு பெயிண்ட் டப்பாவில் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தேன். பாஞ்ஜியும் கிலாங்கும் என்னைப் பார்த்தும் பேச்சை நிறுத்தவில்லை. கிலாங் முன்பு செய்ததைப் போல இரண்டு மடங்கு பருமனான புது உருளை ஒன்று தரையில் கிடந்தது. சிறிய உருளையில் வண்டி ஆமை மாதிரி ஏறுகிறது, விரிவுரையாளர் வந்து பார்க்கும்போது சிரிப்பார் என்று பாஞ்ஜி அதை மாற்றச் சொல்லியிருந்தார். அவர்கள் பேசியதில் நினைவிருப்பதை அப்படியே எழுதுகிறேன்.

பாஞ்ஜியை அண்ணன் முறையில் மாஸ் என்று கூப்பிடும் கிலாங், "மாஸ், வெனிங் அக்கா கணக்கெல்லாம் பழைய உருளைக்குப் போட்டது. அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிடலாமே" என்றான்.

"சொன்னா என்ன ஆகும்? திரும்ப முதல்லேருந்து கணக்குப் போடுவா, திரும்ப பிரேக்கைப் பிரிப்பா. ஞாயித்துக்கிழமை விழான்னு ஊர்த் தலைவருக்கு வாக்குக் கொடுத்தது யாரு, நீயா நானா?"

"இல்ல மாஸ், ஒரு தடவை மூணு கூடை வெச்சு இழுத்தாவது..."

"டேய், ரெண்டாம் வருஷப் பையன் நீ. விழா முடியட்டும், அப்புறம் நானே சொல்றேன்."

கிலாங், "சரி மாஸ்" என்றான். எங்கள் ஊர்களில் மூத்தவர் சொன்னதற்கு மேல் இளையவர் பேசுவதில்லை. உருளை பெரிதானால் என்ன ஆகும் என்பது எனக்கு அன்று தெரியாது. விருந்தாளிகளுடைய பேச்சு என்று நானும் தலையிடவில்லை.

அன்று மாலை என் வீட்டில் எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டோம். சோறும், தெம்பே என்னும் சோயாக்கட்டியும், மிளகாய்த் துவையலும். கிலாங் தட்டைத் தொடாமல், "அக்கா, அந்த பிரேக் விஷயமா..." என்று தொடங்கினான். பாஞ்ஜி, "சாப்பிடுற இடத்துல என்னடா பிரேக்? துவையலை இப்படித் தள்ளு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வெனிங், "என்னடா, சொல்லு" என்று இரண்டு தடவை கேட்டார். கிலாங் பாஞ்ஜியின் முகத்தைப் பார்த்தான். அதன் பிறகு, "ஒண்ணுமில்லக்கா. நல்லா வந்திருக்குன்னு சொல்ல வந்தேன்" என்றான். வெனிங் சந்தோஷப்பட்டு, தன் தட்டிலிருந்த பொரித்த முட்டையில் பாதியை அவனுக்கு வைத்தார்.

சனிக்கிழமை வெனிங்கை விரிவுரையாளரை அழைத்துவர நகரத்துக்கு அனுப்பிவிட்டு, பாஞ்ஜியும் கிலாங்கும் உருளையையும் பிரேக்கையும் தண்டவாளத்தின் உச்சியில் இழுவை எஞ்சினோடு பொருத்தினார்கள். உருளையின் மேல் தகர மூடி போட்டு, அதில் சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். காலி வண்டியை ஒரு தடவை ஏற்றி இறக்கிப் பார்த்தார்கள். கூடை வைத்துப் பார்க்கவில்லை. வெனிங் ஞாயிறு காலை விருந்தினர்களோடுதான் வந்தார், மூடியைத் திறந்து பார்க்க அவருக்கு நேரமிருக்கவில்லை.

விழாவில் ஊர்த் தலைவரும் விரிவுரையாளரும் மேட்டில் நாற்காலியில் இருந்தார்கள். பாஞ்ஜி ஒலிபெருக்கியில் பேசினார். எஞ்சின் பக்கத்தில் வெனிங் பிரேக் கைப்பிடியைப் பிடித்து நின்றார், கிலாங் அவருக்குப் பின்னால் நின்றான். நான் அவர்களுக்கு இரண்டு எட்டு தள்ளி நின்றேன். பள்ளத்தின் அடியில், தண்டவாளம் தொடங்கும் இடத்தில், பழம் பறிக்கும் பெண்கள் கூடி நின்றார்கள். என் மகள் சுமினாவும் அங்கே நின்றாள்.

முதலில் ஒரு கூடையோடு வண்டி அடியிலிருந்து வேகமாக ஏறியது. எல்லோரும் கை தட்டினார்கள். சரிவின் நடுவில், இரண்டாம் தோட்டத்துக்காரர்கள் கூடை ஏற்றும் மேடையில் அதை நிறுத்தினார்கள். வெனிங் பிரேக்கைப் போட்டார், வண்டி நின்றது. பாஞ்ஜி ஒலிபெருக்கியில், "மூணு கூடையும் ஏத்துங்க, தலைவர் பார்க்கட்டும்" என்றார். ஊர்த் தலைவர், "விட்டா என்னையும் ஏத்திடுவீங்க போலிருக்கே" என்றார். அந்தச் சிரிப்பில் இரண்டாவது கூடை ஏறியது.

இந்த இடத்தை அதிகாரி கவனமாக எழுதச் சொன்னார். இரண்டாவது கூடை ஏறியபோது வண்டி அசையவில்லை. கயிறு சத்தம் போடவில்லை. யாரும் கத்தவில்லை. அப்போதே கிலாங் எஞ்சின் அடியில் கிடந்த முட்டுக் கட்டையைத் தூக்கிக்கொண்டு, தண்டவாளத்தை ஒட்டிய படிகளில் கீழே ஓடினான். ஒரு செருப்பு படியில் கழன்று விழுந்தது, அவன் திரும்பிப் பார்க்கவில்லை. "வேண்டாம், ஏத்தாதீங்க" என்று அவன் கத்தியது ஒலிபெருக்கியில் போட்டிருந்த பாட்டுச் சத்தத்தில் எனக்கே பாதிதான் கேட்டது. நடு மேடையில் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை. அவர்கள் மூன்றாவது கூடையை ஏற்றினார்கள்.

வண்டி பின்னால் நகர்ந்தது. வெனிங் இரண்டு கையாலும் கைப்பிடியை இழுத்து, காலை இரும்புச் சட்டத்தில் உதைத்துப் பின்னால் சாய்ந்தார். பிரேக்கிலிருந்து புகை வந்தது. இரும்பு காய்ந்து உள்ளங்கை வெந்தும் அவர் விடவில்லை. அவர் பயந்துபோய்ப் பிரேக்கை விட்டுவிட்டார் என்று பாஞ்ஜி எழுதிக் கொடுத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அது உண்மை அல்ல. பிறகு அவருடைய விரல்களைக் கைப்பிடியிலிருந்து பிரித்து எடுத்தது நான்.

கிலாங் வண்டியின் கீழ்ப்பக்கம் போய்ச் சக்கரத்துக்கு அடியில் கட்டையைக் கொடுத்தான். சக்கரம் கட்டைமேல் ஏறித் தண்டவாளத்தை விட்டு விலகியது. வண்டி அவனையும் தள்ளிக்கொண்டு பக்கத்துப் பாறையில் போய் மோதி நின்றது. அடியில் நின்ற பெண்களில் ஒருவருக்கும் அடி படவில்லை. நாங்கள் இறங்கிப் போனபோது கிலாங்குக்கு மூச்சு இல்லை. பழங்கள் அதன் பிறகும் சரிவில் உருண்டுகொண்டிருந்தன.

மறுநாள் அதிகாரியோடு வந்த இயந்திர ஆய்வாளர் தகர மூடியைக் கழற்றி, உருளை இரண்டு மடங்கு பருமனானால் அதே சுமை பிரேக்கை இரண்டு மடங்கு இழுக்கும் என்று எங்கள் எல்லோர் முன்னும் சொன்னார். வெனிங் கையில் கட்டோடு நின்று அந்த உருளையை அப்போதுதான் முதல்முறை பார்த்தார். "இது என்னோடது இல்லையே" என்று மட்டும் சொன்னார். உருளையைக் கிலாங் தன் இஷ்டத்துக்கு மாற்றிவிட்டான், தனக்குத் தெரியாது என்று பாஞ்ஜி சொன்னார்.

இன்று காலை கிலாங்கின் தாயார் காவல் நிலைய வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "என் பிள்ளை மேல எதையும் எழுதிடாதீங்க ஐயா. அவன் வந்து பதில் சொல்ல மாட்டான்" என்றார். அவனை விட்டுவிட்டு எழுதினால் பழி முழுவதும் வெனிங் மேல் போகிறது. அதனால் உருளை செய்ததை எழுதினேன், சொல்ல வந்து சொல்லாமல் விட்டதையும் எழுதினேன். ஆபத்து இருக்கிறது என்று தெரிந்தவர்கள் அங்கே இரண்டு பேர். ஒருவர் கையில் ஒலிபெருக்கி இருந்தது. மற்றவன் கட்டையை எடுத்துக்கொண்டு ஓடினான்.

மேலே உள்ளது நான் கண்டதும் கேட்டதும் மட்டுமே. யாரும் மிரட்டியோ சொல்லிக் கொடுத்தோ எழுதவில்லை. எழுதி முடித்ததை எனக்கு யாரும் படித்துக் காட்டவில்லை, நானே வாய்விட்டுப் படித்தேன், சரியாக இருக்கிறது. நான் படித்ததைக் கிலாங்கின் தாயார் வெளிப் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டார். அவன் ஓடிய இடத்தை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன்.

(ஒப்பம்)
காஸிமின்