ஓரடிக்கு ஒரு மூச்சு

சாகுல்: அந்த ஒரு அடிய மட்டும் வெட்டிருங்கண்ணே. வேற ஒண்ணும் நான் சொல்லல. மத்தபடி பாட்டு...

பால்துரை: வெட்ட மாட்டேன்.

சாகுல்: நீளமா இருக்குண்ணே.

பால்துரை: நீளமாத்தாம்லே இருக்கணும். மொதல்ல அந்த டேப்ரெக்கார்டர ஆஃப் பண்ணு. பேட்டரி வீணாப் போகுது.

சாகுல்: இன்னும் ஆன் பண்ணவே இல்ல. கரண்டு இருக்கும்னு வயர் எல்லாம் தூக்கிட்டு வந்தேன். ஞாயித்துக்கெழம மத்தியானம் ஆனா கரண்ட எடுத்துருதானுக உங்க ராசபாளையத்துல.

பால்துரை: ஆமா, உங்க சீவில்லிபுத்தூர்ல தேர் இழுக்கதே கரண்டுலதான்.

சாகுல்: பேச்ச மாத்தாதியண்ணே. நம்ம பாட்டு மன்றத்துக் கேசட்டுல எல்லாருடைய பாட்டும் ஏறிருச்சு. உங்க பாட்டு ஒண்ணுதான் பாக்கி. மாசக் கூட்டத்துக்கும் நீங்க வரல. மைக்செட் கடையப் பூட்டிப் போட்டுட்டு, இத மடியில வச்சிக்கிட்டு பஸ்ஸுல வந்திருக்கேன். கண்டக்டரு இதுக்கு ஒரு டிக்கெட் கேட்டான்.

பால்துரை: குடுத்தியா?

சாகுல்: இது பாடுனா குடுக்கேன்னேன்.

பால்துரை: அப்ப நீ பாடு. எழுதுனது பால்துரை, பாடுனது சாகுல் ஹமீதுன்னு அட்டையில போட்டுக்கோ. நல்லாத்தான் இருக்கும்.

சாகுல்: எழுதுனவந்தான் பாடணும். மன்றத்துச் சட்டம்.

பால்துரை: சட்டம் போட்டது யாருலே?

சாகுல்: நீங்கதான். அதுவும் நீங்க போட்டது, ஓரடிக்கு ஒரு மூச்சுங்கிறதும் நீங்க போட்டது. ஒரு அடிய ஒரே மூச்சுல பாட முடியலன்னா அது அடி இல்ல, மூட்டைன்னு சொன்னிய. நடுவுல எவனாவது மூச்சு வாங்குனா எல்லாரும் தரையில ஒரு தட்டு தட்டணும்னு சொன்னிய. என் மொதப் பாட்டுக்கு நீங்க தட்டுன தட்டு இருக்கே... மன்றத்து மாடிக்குக் கீழ என் கடையில ஸ்பீக்கரு அதிர்ந்துச்சு.

பால்துரை: அது ஒரு பாட்டாலே? கண்ணே மணியே கற்கண்டே தேனேன்னு மூச்சு விடாம அடுக்குன. பலசரக்குக் கடைச் சிட்டை மாதிரி.

சாகுல்: அந்தத் தட்டுலதாண்ணே நான் பாட்டெழுதப் படிச்சேன்.

தங்கபாய்: தம்பி, டீய எடுத்துக்கோங்க. என்ன, வந்ததுலருந்து ரெண்டு பேரும் வழக்காடிக்கிட்டே இருக்கிய?

சாகுல்: அண்ணன் வெட்ட மாட்டாவளாம் மதினி.

தங்கபாய்: எத?

பால்துரை: உனக்கு எதுக்கு அது. குழாயில தண்ணி வந்திரும், போ.

தங்கபாய்: வந்தா தெருவே சத்தம் போடும், எனக்குக் கேக்கும். எந்த அடி தம்பி?

சாகுல்: நம்ம ஜெயசீலி கல்யாணமாகி பம்பாய்க்குப் போனப்போ அண்ணன் ரோட்டுல நின்னாவள்ல... அந்த அடி.

தங்கபாய்: அதுவா... அத வெட்டிட்டா பொறவு பாட்டுல என்ன தம்பி இருக்கு?

பால்துரை: கேட்டியாலே.

சாகுல்: மதினி, நீங்களே இப்படிச் சொன்னா எப்படி? நீங்கதான...

தங்கபாய்: டீயக் குடிங்க தம்பி. ஆறிரும்.

பால்துரை: என்னது, நீங்கதானன்னு?

சாகுல்: ஒண்ணும் இல்ல. நீங்கதான அண்ணனுக்கு எடுத்துச் சொல்லணும்னு...

பால்துரை: அவ சொல்லி நான் என்னைக்குக் கேட்டேன். நீ அந்த அடியப் படி. சத்தமாப் படி.

சாகுல்: "மதுரை ரோட்டுல புழுதியும் அடங்கி, வந்த சனமெல்லாம் வீட்டுக்குத் திரும்பி, டீக்கடைக்காரன் வெளக்கயும் ஏத்தி, என்னைய விட்டு என் நெழலும் போயி, இன்னும் கைகாட்டி நிக்கேனே..." இது ஒரு அடியாண்ணே? அஞ்சு அடி.

பால்துரை: ஒரு அடி. பஸ்ஸு போய்க்கிட்டே இருக்குலே. பெத்த அப்பங்காரன் பாத்துக்கிட்டே நிக்கான். அடிய முடிச்சா பஸ்ஸு மறைஞ்சிரும். மறைய விடக் கூடாது. அதான் இழுத்துக்கிட்டே போகுது.

சாகுல்: ரெண்டாப் பிரிச்சிருவோம். நடுவுல கொஞ்சம் புல்லாங்குழல் வச்சிக்கிடலாம். நம்ம மன்றத்துக் கருத்தையாண்ணன் மகன் ஊதுவான்.

பால்துரை: எம் மக போறதப் பாத்துக்கிட்டு நான் நிக்கேன். நடுவுல அவன் வந்து என்னத்துக்கு ஊதுதான்?

தங்கபாய்: அன்னைக்கு நான் போயிக் கையப் பிடிச்சு இழுத்துட்டு வந்தேன் தம்பி. பஸ்ஸு போயி எவ்வளவோ நேரம் ஆச்சு. ஆளு அசையல.

பால்துரை: உன்னைய யாரு சாட்சிக்குக் கூப்பிட்டா?

சாகுல்: அண்ணே, நான் ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்கிடாதிய. ரெண்டு வருசமா உங்க பாட்டெல்லாம் சின்னச் சின்ன அடிதான. "கதவு சாத்தல. காத்தும் வரல." அம்புட்டுதான். மன்றமே அசந்து போச்சு. கருத்தையாண்ணன் அச்சாபீஸுக்கு வாரவன் போறவன்ட்ட எல்லாம் சொல்லுதாவ, சுருக்கி எழுதணும்னா பால்துரைகிட்டப் போயிப் படின்னு. நான் உங்களப் பாத்துதான் என் பாட்டையெல்லாம் வெட்டி வெட்டி எழுதுனேன். இப்ப நீங்களே இவ்வளவு பெருசா...

பால்துரை: அது படிச்சு வந்தது இல்லலே.

சாகுல்: பொறவு?

பால்துரை: ஏட்டி, தண்ணி வந்திருச்சு பாரு.

தங்கபாய்: வரலயே.

பால்துரை: வரும். குடத்த வரிசையில போட்டு வையி. இல்லன்னா அந்த நாச்சியாரு முன்னால போயி நின்னுக்கிடுவா.

தங்கபாய்: சரி, போறேன். விரட்டாதிய. தம்பி, பாத்துக்கோங்க.

சாகுல்: சரி மதினி.

பால்துரை: ... போயிட்டாளா?

சாகுல்: குடத்த எடுத்துக்கிட்டுத் தெருமுனைக்குப் போறாவ.

பால்துரை: கடைசியாக் கூட்டத்துல பாடுனேனே, மில்லுச் சங்குப் பாட்டு. ஞாபகம் இருக்கா?

சாகுல்: இருக்குண்ணே. நல்ல பாட்டு.

பால்துரை: அதுல நடுவுல மூச்சு வாங்குனேன். ஒரு எடத்துல இல்ல. யாரும் தட்டல.

சாகுல்: கவனிச்சிருக்க மாட்டோம்ணே.

பால்துரை: கருத்தையா கவனிக்கல? கொட்டாவி விட்டாலே தட்டுற மனுசன். கை தரைக்கிட்ட வந்துச்சு, நான் பாத்தேன். வந்த கைய அப்படியே எடுத்து மடியில வச்சிக்கிட்டாரு. நீ தலையக் குனிஞ்சுக்கிட்ட. ராக்கப்பன் சன்னல் பக்கம் திரும்பிக்கிட்டான். அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், இனிமே அங்க போகக் கூடாதுன்னு. தட்டிருந்தா அடுத்த மாசமும் வந்திருப்பேன்லே. தட்டாம விட்டிய பாரு... அதுதான் தாங்க முடியல.

சாகுல்: அண்ணே...

பால்துரை: உங்களுக்கு யாரு சொன்னா?

சாகுல்: எதண்ணே?

பால்துரை: நடிக்காதலே. உனக்கு அது வரல. இந்த நெஞ்சக் கெடுத்தது பஞ்சுதான். மில்லுல சேந்த நாள்லருந்து எனக்குப் பஞ்சு உடைக்குற ரூமுதான. மூக்குல துணியக் கட்டிக்கிட்டுத்தான் நின்னேன். துணியில நிக்குமா அது. செத்த நேரம் நடந்தா நெஞ்சு அடைக்கும். சளின்னு நெனச்சேன். மதுரையில படம் எடுத்துப் பாத்தா ஒரு பக்கம் முழுசாப் போயிருச்சு. இன்னொரு பக்கமும் போய்க்கிட்டு இருக்காம். வாரது மார்கழிப் பனி, தாங்குறது கஷ்டம்னுட்டாரு டாக்டரு. தங்கபாய வெளிய பெஞ்சுல உக்கார வச்சிட்டு என்கிட்ட மட்டும் சொன்னாரு. இளைப்பு நோவு, மாத்திரையில கேக்கும்னு அவளுக்குச் சொல்லி வச்சிருக்கேன். அவகிட்ட மூச்சு விட்டிராத.

சாகுல்: ... சரிண்ணே.

பால்துரை: நீ ஏன்லே அழுவுத? எனக்கே வரல.

சாகுல்: வரட்டும்ணே, விடுங்க.

பால்துரை: அழுது முடிச்சிட்டுக் கேளு. நீங்க சுருக்கம் சுருக்கம்னு கை தட்டுனியள்ல, அது சுருக்கம் இல்ல. நெஞ்சுல எம்புட்டு மூச்சு இருக்கோ அம்புட்டுக்கு வெட்டுனேன். பாட்டு இன்னும் போகணும்னு கேக்கும். எனக்குப் போக முடியாது. அந்த எடத்துல நிறுத்திருவேன். நீங்க ஆகா ஆகான்னுவிய. எனக்குக் கூசிக்கிட்டு வரும். வெளிய சொல்லவா முடியும்?

சாகுல்: அதுவும் நல்ல பாட்டுதாண்ணே. பொய்யில்ல.

பால்துரை: இருக்கட்டும். இந்தப் பாட்ட மட்டும் அதுக்கு எம்புட்டு வேணுமோ அம்புட்டுக்கு எழுதிட்டேன். என்னால பாட முடியாதுன்னு தெரிஞ்சேதான் எழுதுனேன். நீ பாடு. பள்ளிவாசல்ல பாங்கு சொல்லுத மூச்சு உனக்கு. ஒரே இழுப்புல போயிருவ.

சாகுல்: நான் பாடிருவேன். ஜெயசீலி பம்பாய்ல கேசட்டப் போடுவாள்ல... அப்ப அதுல அவ அப்பா கொரலு வரணுமா, இந்தச் சாகுல் கொரலு வரணுமா?

பால்துரை: இழுப்பும் இருமலுமா எம் மக கேக்க வேண்டாம்.

சாகுல்: அதுக்குத்தான வெட்டுங்கன்னு சொல்லுதேன். பாட்டு கொஞ்சம் கொறையா இருந்துட்டுப் போகட்டும்ணே. யாரு கேக்கப் போறா? அந்தப் பிள்ளைக்கு உங்க கொரலு வேணும். பொறவு... பொறவு அவ எங்க போயித் தேடுவா? நான் தப்பாச் சொல்லிருந்தா...

பால்துரை: தப்பு இல்லலே. நீ சொல்லுததும் சரிதான். எனக்கு ரெண்டும் வேணும். பாட்டும் முழுசா இருக்கணும், எம் மகளுக்கு என் கொரலும் கேக்கணும். ரெண்டுக்கும் சேத்து இந்த நெஞ்சுல எடமில்ல. அப்ப ஒண்ணத்தான எடுக்க முடியும். இம்புட்டு வருசம் பாட்டெழுதிட்டு ஒண்ணாவது சரியா எழுதிட்டுப் போறேனே. அதக் குடுத்துரு எனக்கு. கண்ணத் தொடச்சிக்கோ. வாரா பாரு.

தங்கபாய்: தண்ணி வரல, ஒண்ணும் வரல. குழாயத் தொறந்தா காத்துதான் வருது. என்ன, ரெண்டு பேரும் மொகத்தத் தொங்கப் போட்டிருக்கிய?

பால்துரை: சாகுலுக்குக் கண்ணுல தூசி.

தங்கபாய்: இந்த வீட்டுல தூசிக்கா கொறச்சல். வழக்கு முடிஞ்சுதா?

பால்துரை: முடிஞ்சுது. அவன் பாடுதான்.

சாகுல்: நான் பாட மாட்டேன் மதினி.

பால்துரை: ஏலே, இப்பத்தான...

சாகுல்: நான் சரின்னு சொல்லவே இல்லண்ணே.

தங்கபாய்: பேட்டரி போட்டிருக்குல்லா தம்பி? அத ஆன் பண்ணுங்க.

சாகுல்: யாரு பாட மதினி?

தங்கபாய்: எழுதுனவியதான். வேற யாரு பாடுவா?

சாகுல்: அப்ப அந்த அடிய வெட்டிட்டா?

தங்கபாய்: வெட்டாம. முழுசா.

பால்துரை: பாட்டப் பத்தி உனக்கு என்ன தெரியும், பேசாம இரு. எனக்கு இளைப்பு இருக்குல்லா. நடுவுல வாங்கிரும்ட்டி.

தங்கபாய்: வாங்கட்டும்.

பால்துரை: வாங்குனா அந்த எடத்துல அறுந்து போகும். பஸ்ஸும் போச்சு, பாட்டும் போச்சு. நீளமா எழுதி என்ன பிரயோசனம்?

தங்கபாய்: அறாது. "வெளக்கயும் ஏத்தி" வரைக்கும் உங்களால வர முடியும். "என்னைய விட்டு"ல இழுக்க ஆரம்பிக்கும். "நெழலும்" வரும்போது மூச்சு இருக்காது. அந்த எடத்துல நான் எடுத்துக்கிடுதேன். கோயில்ல பின்பாட்டுப் பாடுத கொரலுதான, அதிகம் தெரியாது. நான் இழுத்துக்கிட்டு நிப்பேன், நீங்க மெதுவா வந்து "நிக்கேனே"ல சேந்துக்கோங்க.

சாகுல்: மதினி...

பால்துரை: ... உனக்கு எப்படிட்டி தெரியும், "நெழலும்"ல நிக்கும்னு? உனக்கு நான் இந்தப் பாட்ட ஒரு தடவ கூடப் பாடிக் காட்டலயே.

தங்கபாய்: நீங்க மருந்து வாங்கப் போன நேரத்துல டாக்டரு என்னையும் உள்ள கூப்பிட்டுச் சொல்லிட்டாரு. மன்றத்து மாடியேறிப் போயி, இனிமே அவியளுக்குத் தட்டாதியன்னு கருத்தையாண்ணன்ட்ட நின்னு அழுததும் நாந்தான், தம்பிய இன்னைக்கு வரச் சொன்னதும் நாந்தான்... அன்னையிலருந்து பக்கத்துல படுத்துக்கிட்டு நீங்க விடுத மூச்சுக்கு நானும் சேத்து விட்டுப் பாக்கேன், எது வரைக்கும் வருது, எங்க அறுதுன்னு எனக்குத் தெரியாதா... பாடுங்க, நான் இருக்கேன்.